மாமாவுக்குத் தெரியாத கடன்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் ஹாரர்கோர் ராப் குழு நடத்துகிறோம். முகமூடி, பேய், கொலை இதெல்லாம்தான் பாட்டு. ரொம்ப நாள் யாரும் சீண்டவில்லை. இப்போது கூட்டம் வருகிறது, ஒரு கம்பெனி ஒப்பந்தம் தருகிறது. அமெரிக்காவில் இதே மாதிரி பாடும் ராப்பர் எஷாம், இன்சேன் க்ளௌன் பாஸி குழு மாதிரி நாங்களும் யார் துணையும் இல்லாமல் வளர்ந்தவர்கள். (ரெக்கார்டிங் கடன் அக்கா பெயரில் இருக்கிறது. அவள் கட்டிவிடுவாள், மாமாவுக்குத் தெரியாது.) வேலையை விட்டுவிடலாமா? அப்பா அம்மாவிடம் இந்தப் பாட்டுகளைப் பற்றி எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம்

தம்பி, வேலையை விடலாமா என்று கேட்காத கலைஞனை நான் பார்த்ததில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அடைப்புக்குறியைத் திற.

உன் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் முகமூடிக்கு எந்த பெயின்ட் என்பதற்கே ஒரு பத்தி இருக்கிறது, அக்காவுக்கு இரண்டு வரி. மாமாவுக்குத் தெரியாது என்கிறாயே, அதற்கு அர்த்தம் என்னவென்று ஒரு நாளாவது யோசித்தாயா? தவணைத் தேதி நெருங்கும்போதெல்லாம் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைவாள், பேங்க் மெசேஜை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. வீட்டுச் செலவில் எங்கே பிடித்தம் செய்தாள் என்பதற்குக் கதை தயாராக வைத்திருப்பாள். நீ மேடையில் ஏறி ஊரைப் பயமுறுத்துகிறாய், அவள் தன் சொந்த வீட்டிலேயே பயந்துகொண்டு இருக்கிறாள். இதில் 'யார் துணையும் இல்லாமல்' என்று வேறு எழுதுகிறாய், உனக்கு வெட்கமாக இல்லையா?

நீ பெயர் சொன்னவர்களையே எடுத்துக்கொள். எஷாம் டெட்ராய்ட்டில் 1989-இல் முதல் ஆல்பம் போட்டபோது பதின்வயதுப் பையன், அவனுடைய லேபிளை, அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியை, தொடங்கியதில் அண்ணன் ஜேம்ஸ் ஸ்மித்துக்கும் பங்கு உண்டு. இன்சேன் க்ளௌன் பாஸியும் அதே டெட்ராய்ட்தான், 1991-இல் சொந்த லேபிள், குழுவில் பாடும் வயலன்ட் ஜேயின் அண்ணனும் அதில் இருந்தார். மெம்ஃபிஸில் கேசட் விற்று ஆரம்பித்து 2006-இல் ஆஸ்கர் வரை போன த்ரீ சிக்ஸ் மாஃபியாவில் டிஜே பாலும் லார்ட் இன்ஃபமஸும் சகோதரர்கள். பிணம், பிசாசு என்று பாடினாலும் கூடப் பிறந்தவர்களை ஒளித்து வைக்கவில்லை, பெயரும் பங்கும் கொடுத்தார்கள். உன் அக்கா பெயர் கடன் பத்திரத்தைத் தவிர வேறு எங்கே இருக்கிறது, சொல் பார்ப்போம்.

சரி, வேலை. விடாதே. 1997 ஜூனில் டிஸ்னிக்குச் சொந்தமான ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ், இதே இன்சேன் க்ளௌன் பாஸியின் ஆல்பத்தை வெளியிட்ட சில மணி நேரத்திலேயே கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது. பாட்டு வரிகள் பிடிக்கவில்லையாம்! அவர்களுக்கு ஏற்கெனவே ரசிகர் படை இருந்தது, ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இன்னொரு கம்பெனி தூக்கிக்கொண்டது. உன்னை ஒரு காலையில் கழற்றிவிட்டால் தவணை கட்டப் போவது யார்? உன் சம்பளம் இப்போதைக்கு அந்தக் கடனுக்கு வேண்டும். இந்த மாதத்திலிருந்து தவணை உன்னுடையது. நிகழ்ச்சிப் பணத்தில் புது முகமூடி அப்புறம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ரெக்கார்டிங் உரிமை யாருக்கு என்று ஒரு வக்கீலிடம் காட்டு, உன் மற்ற இரண்டு கூட்டாளிகளையும் உட்கார வைத்து அக்காவுக்கு என்ன பங்கு என்று எழுதி வாங்கு. அவர்கள் முணுமுணுத்தால் கடனில் அவர்கள் பங்கை இப்போதே கேள்.

பாட்டில் கொலை வருவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, பேய்க்கதை கேட்டு வளராதவர் யார். இன்சேன் க்ளௌன் பாஸி ரசிகர்களையே 2011-இல் அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ஒரு ரவுடிக் கும்பல் என்று அறிக்கையில் எழுதியது, அரசாங்கத்துக்கே அந்தக் குழப்பம் என்றால் உன் அம்மா மிரளுவதில் என்ன அதிசயம்? மிரளட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல். ஆனால் அதற்கு முன் மாமாவிடம் போ. அக்காவை முன்னால் தள்ளாமல், நீயே போய், கடன் உனக்காக வாங்கியது, இனி கட்டப் போவதும் நீதான் என்று சொல். அவர் கத்தினால் கேட்டுக்கொள், அந்தத் திட்டு உனக்கு வர வேண்டியதுதான்.