கேபிள் அண்ணாச்சி பதில்கள்: லைசென்ஸ் முடிந்த மறுநாள்

கேள்வி: அண்ணாச்சி, அரிசி ஆலை வைத்திருக்கிறோம். ஆபீசில் 30 கம்ப்யூட்டர். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஃபோர்டிகேட் ஃபயர்வால் பாக்ஸுக்கு அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் நெட்டே நின்றுவிடும் என்கிறார் விற்றவர். நிஜமா?
- ஆலை உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பதில்: பாதி நிஜம். ஆபீசுக்கும் நெட்டுக்கும் நடுவே காவல் நிற்கிற அந்த பாக்ஸ் உங்க சொத்து. லைசென்ஸ் முடிந்தாலும் நெட் போக்குவரத்துக்கு வழிகாட்டுகிற ரூட்டிங், நீங்க போட்டு வைத்த விதிகள், குடோனுக்குப் போகிற வி.பி.என். என்கிற ரகசிய இணைப்பு எல்லாம் அதுபாட்டுக்கு ஓடும். ஆனால் வைரஸையும் ஊடுருவலையும் கண்டுபிடிக்கிற அடையாளப் பட்டியல் அன்றைய தேதியோடு நின்றுபோகும். நம்ம பக்கத்துப் பழைய ஊர்க்காவல்காரர் மாதிரி: ஆள் தடியோடு நிற்பார், புதுசாக வந்த களவாணி முகம் தெரியாது.

விற்றவர் சொன்னதில் நிஜமான பாதி, வேண்டாத தளங்களை அடைக்கிற வெப் ஃபில்டர். ஒரு தளம் எந்த வகை என்பதை பாக்ஸ் ஒவ்வொரு தடவையும் கம்பெனி சர்வரிடம் கேட்கும். லைசென்ஸ் இல்லையென்றால் பதில் வராது. பதில் வராதபோது அனுமதி என்று செட்டிங்கில் டிக் போட்டிருந்தால் எல்லாத் தளமும் திறக்கும். போடாவிட்டால் எல்லாம் அடைபடும். காலையில் கணக்குப்பிள்ளை ‘நெட் செத்துப்போச்சு’ என்று போன் அடிப்பது இதனால்தான். வயரில் ஒரு கோளாறும் இருக்காது.

இதைவிட நான் பயப்படுவது கம்பெனியின் சப்போர்ட் முடிவதற்கு. பாக்ஸை இயக்குகிற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரில் ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைக்கிற புது வெர்ஷனை எடுக்க சப்போர்ட் வேண்டும். போர்டு பழுதாகிப் போனால் மாற்று பாக்ஸ் வருவதும் அதில்தான். அதை விடக்கூடாது.

இரண்டு கோட்டேஷன் கேளுங்க: புதுப்பிக்க மட்டும் ஒன்று, மூன்று வருட லைசென்ஸோடு புது பாக்ஸ் ஒன்று. சின்ன பாக்ஸ்களில் பல சமயம் வித்தியாசம் கொஞ்சம்தான் வரும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா என்று பார்த்துக்கொள்ளுங்க. என்டர்பிரைஸ் பேக்கேஜை உங்க தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். வெப் ஃபில்டர் வேண்டுமானால் யு.டி.பி. என்கிற பேக்கேஜ் போதும். வேண்டாமென்றால் அதற்குக் கீழே இருக்கிற ஏ.டி.பி. பேக்கேஜ்.

கேள்வி: கங்கைகொண்டானில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சர்வரில் விர்ச்சுவல் ஃபயர்வால் போட்டால் செலவு குறையுமா?
- நெட்வொர்க் பார்ப்பவர், தாழையூத்து

பதில்: தனி பாக்ஸ் இல்லாமல் சர்வரிலேயே சாஃப்ட்வேராக ஓடுவதால் பாக்ஸ் காசு மிச்சம். ஆனால் விர்ச்சுவலில் பெரும்பாலும் கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்கிற பிரிவு) எண்ணிக்கைக்குத்தான் லைசென்ஸ். சர்வரில் 16 கோர் இருந்தாலும் 2 கோர் லைசென்ஸ் என்றால் 2 கோர் வேகம்தான். விலை கேட்கும் முன் நிரந்தர லைசென்ஸா, சந்தாவா என்று கேளுங்க. நிரந்தரம் என்றால் மேலே அம்பாசமுத்திரத்துக்காரருக்குச் சொன்னதுதான். சந்தாவில் சிலது கெடு முடிந்ததும் ஃபயர்வாலையே நிறுத்திவிடும். மறுநாள் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்க. ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ள இரண்டு ஃபயர்வால் ஜோடியாக வைத்தால் இரண்டாவதுக்கும் லைசென்ஸ் வேண்டுமா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபோர்டிகேட்டில் இரண்டுக்கும் வேண்டும். சோஃபோஸ் கம்பெனி ஃபயர்வாலில் ஒன்று ஓட, மற்றது சும்மா காத்திருந்தால் ஒன்றுக்கு வாங்கினால் போதும்.

என் சோலி ஒன்று சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஆபீஸுக்கு விர்ச்சுவல் ஃபயர்வாலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். ராத்திரி பதினோரு மணி, அரைத் தூக்கம். ‘நகர்த்தினீரா, நகல் எடுத்தீரா’ என்று, சர்வரில் விர்ச்சுவல் ஃபயர்வாலை ஓட்டுகிற வி.எம்.வேர் சாஃப்ட்வேர் கேட்டது. நகல் என்று அமுக்கித் தொலைத்தேன். ஃபயர்வாலின் அடையாள எண் மாறிவிட்டது. அந்த எண்ணோடு கட்டியிருந்த லைசென்ஸும் போச்சு. சவம், விடிய விடிய சப்போர்ட்காரரோடு மல்லுக்கட்டினேன். நீங்க நகர்த்தினேன் என்றே அமுக்குங்க.

கேள்வி: காசில்லாமல் வீட்டில் ஃபயர்வால் பழக வழி உண்டா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: நிறைய உண்டு தம்பி. பிஎஃப்சென்ஸ் கம்யூனிட்டி எடிஷன், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஓபன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற) ஃபயர்வால் சாஃப்ட்வேர். லைசென்ஸ் காசே கிடையாது. சோஃபோஸின் ஹோம் எடிஷனும் இலவசம், வீட்டுக்கு மட்டும். அப்பா கடையில் மாட்டிவிடாதே. பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் போதும். ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று செகண்ட் ஹேண்ட் பாக்ஸை மட்டும் வாங்காதே. அதன் சீரியல் நம்பர் பழைய முதலாளி பேரில் பதிவாகிக் கிடக்கும். அவர் விட்டுக்கொடுக்காமல் உன் பேரில் லைசென்ஸ் ஏறாது.