டெக்சாஸின் வளரும் புறநகரில் வாழ்க்கை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளும் மருமகனும் டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் வடக்கே தள்ளி, செலைனா என்ற ஊரில் புதிதாகக் கட்டும் குடியிருப்பில் வீடு பார்த்திருக்கிறார்கள். விலை குறைவு, பின்னால் வயல்தான், அமைதியாக இருக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த வயலை நம்பி வாங்க வேண்டாம் என்று உங்கள் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஃபிரிஸ்கோவில் இருந்தவர்கள் 6,138 பேர். 2020-இல் அந்த எண்ணிக்கை 2,00,509 ஆகிவிட்டது. இன்று அங்கே ஆறு வழிச் சாலைகளும் கடைத் தொகுதிகளும் இருக்கும் இடங்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்கு முன் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தவைதான். அதே வளர்ச்சி இப்போது வடக்கே நகர்ந்து செலைனாவை எட்டியிருக்கிறது. வயலோரத்தில் நிறநாடா கட்டிய அளவைக் குச்சிகள் நடப்பட்டிருந்தாலோ, நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான நகராட்சி அறிவிப்புப் பலகை நின்றாலோ, அந்த வயலின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

எனவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் நகராட்சியின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் எதிர்காலச் சாலைத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டுமே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுபவை. இன்று மண் பாதையாகத் தெரிவது வரைபடத்தில் ஆறு வழிச் சாலையாக இருக்கலாம். மனை நகர எல்லைக்கு வெளியே இருந்தால் கூடுதல் கவனம் தேவை. டெக்சாஸில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகங்களுக்கு, இந்த நிலத்தில் இன்னதுதான் வரலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. வீடுகள் முதலில் வந்துவிடுகின்றன. சாலை, தண்ணீர், காவல் எல்லாம் பின்னால்தான் வந்து சேர்கின்றன. செலைனாவைப் போலவே காலின் கவுண்டியில் உள்ள பிரின்ஸ்டன், நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த ஊர்களில் ஒன்று. வளர்ச்சிக்குச் சாலையும் குடிநீர் வசதியும் ஈடுகொடுக்க முடியாமல், 2024-இல் புதிய வீட்டுத் திட்டங்களுக்கு அந்நகராட்சியே தற்காலிகத் தடை விதிக்க நேர்ந்தது.

விலை குறைவு என்பதையும் சற்று விளக்க வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அந்தப் பாரத்தில் பெரும்பகுதி சொத்து வரியாக வீட்டின் தலையில் விழுகிறது. இப்பகுதிகளில் ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் சுமார் 2 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். புதுக் குடியிருப்புகளில் சாலைக்கும் சாக்கடைக்கும் வாங்கிய கடனை அடைக்கத் தனி வரியோ ஆண்டுக் கட்டணமோ இருந்தால் அதற்கும் மேலே போகும். குடியிருப்போர் சங்கக் கட்டணம் வேறு.

புது வீடு வாங்குபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வரி மதிப்பீடு ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி செய்யப்படுகிறது. அன்று மனை மட்டுமே இருந்து, வீடு பிறகு கட்டி முடிக்கப்பட்டிருந்தால், முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டும்தான். வரியையும் கடன் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் வங்கி, அந்த முதல் ஆண்டு வரியை அடிப்படையாகக் கொண்டு மாதத் தவணையைக் கணக்கிட்டிருந்தால், அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும்போது, பழைய பற்றாக்குறையும் சேர்ந்து, தவணை மாதத்துக்குச் சில நூறு டாலர்கள் எகிறிவிடும். கையெழுத்திடும் முன்பே முழு வீட்டுக்கான வரி எவ்வளவு என்று கேட்டு, அதை வைத்துத்தான் கையில் பணம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். குடிபுகுந்ததும் சொந்தக் குடியிருப்புக்கான வரி விலக்குக்கு விண்ணப்பிக்க மறக்கக் கூடாது. அந்த விலக்கு இருந்தால், வரிக்கான மதிப்பு ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயராது என்ற பாதுகாப்பும் அடுத்த ஆண்டு முதல் கிடைக்கும்.

கேள்வி: டாலஸுக்கு வடக்கே மெக்கின்னியில் இருக்கும் என் மகன், கோடையில் வீட்டுச் சுவரைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறான். கேட்டால், செடிக்கு இல்லை, அஸ்திவாரத்துக்கு என்கிறான். இது என்ன கூத்து? தண்ணீரை வீணாக்கலாமா? (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கோவில்பட்டிக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் மகன் வீடு நிற்பது கரிசல் மண்ணில். டாலஸைச் சூழ்ந்த நிலப்பகுதி பெரும்பாலும் நம் கரிசல் காட்டைப் போலவே, நனைந்தால் பொங்கி, காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண். அங்கே வீடுகள் ஆழமான கடைக்காலின் மேல் அல்லாமல், பெரும்பாலும் தரையோடு தரையாக வார்த்த ஒரே கான்கிரீட் தளத்தின் மேல் நிற்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பல நாள் நீடிக்கும்போது, தளத்தின் ஓரத்து மண் சுருங்கி இறங்க, நடுவில் உள்ள மண் ஈரத்தோடு அப்படியே இருக்கும். தளம் வளையும். கதவு நிலையோடு உரசும். சன்னல் மூலையிலிருந்து சுவரில் கோணலாக ஒரு கீறல் கிளம்பும். அஸ்திவாரத்திலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளிக் குழாயைப் போட்டு, ஓரத்து மண்ணையும் நடு மண்ணையும் ஒரே ஈரத்தில் வைத்திருப்பதுதான் அவர் செய்யும் வேலை. அதைத் தடுக்காதீர்கள்.

அங்கே தண்ணீர் வீணாவது அந்தக் குழாயில் அல்ல, புல்தரையில். ஃபிரிஸ்கோ, மெக்கின்னி, பிளானோ போன்ற ஊர்களுக்கெல்லாம் ஒரே வட்டார நீர் வாரியம்தான் குடிநீர் தருகிறது. அதற்காகவே கட்டப்பட்ட போ டார்க் ஏரி 2023-இல்தான் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. டெக்சாஸில் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் வந்த முதல் பெரிய நீர்த்தேக்கம் அது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நீரில் கோடையில் பெரும்பங்கை, அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தாத பச்சைப் புல் குடிக்கிறது. புல்லை எடுத்தால் குடியிருப்போர் சங்கம் கேள்வி கேட்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வறட்சி தாங்கும் செடிகளை வைப்பதை அச்சங்கங்கள் ஒரேயடியாகத் தடைசெய்யக் கூடாது என்று 2013-லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. தோட்ட வரைபடத்துக்குச் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்று, புல்லில் ஒரு பகுதியையாவது மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல பள்ளி என்பதற்காகவே அதிக விலை கொடுத்து ஃபிரிஸ்கோ பக்கம் வீடு வாங்குகிறார்களே, அது சரியா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: பள்ளிகள் நல்லவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கு எந்தப் பள்ளி என்பது நிரந்தரமல்ல. மாணவர் எண்ணிக்கை மாற மாற, எந்தப் பகுதிக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையைத் திருத்தி வரைவார்கள். ஆண்டுதோறும் புதுப் பள்ளி திறந்துகொண்டிருந்த ஃபிரிஸ்கோவிலேயே இப்போது சேர்க்கை குறைகிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட, பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். இளம் குடும்பங்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாமல் வடக்கே போய்விடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட பள்ளிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிப் பேரனைப் பார்த்துக்கொள்ள ஃபிரிஸ்கோ போகிறேன். எனக்கு வயது 64. கார் ஓட்டத் தெரியாது. பொழுது எப்படிப் போகும்? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, கேட்டது நல்லதாயிற்று. ஃபிரிஸ்கோவில் நகரப் பேருந்தோ ரயிலோ கிடையாது. பக்கத்து ஊரான பிளானோ தன் ஊரின் விற்பனை மதிப்பில் ஒரு சதவீதத்தை வரியாக வசூலித்து டாலஸ் வட்டாரப் போக்குவரத்து அமைப்புக்குக் கொடுக்கிறது. அதனால் அங்கே ரயில் ஓடுகிறது. ஃபிரிஸ்கோ அந்த ஒரு சதவீதத்தைத் தொழில் வளர்ச்சிக்கும் பூங்கா போன்ற பொதுப் பணிகளுக்கும் ஒதுக்கிவிட்டது. பெரிய அலுவலகங்களும் விளையாட்டு அரங்குகளும் வந்தன. கார் ஓட்டாதவர்கள் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் மகளிடம் இப்போதே இரண்டு விஷயங்களைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள் கோயிலுக்கு, எந்த நாள் கடைக்கு அழைத்துப் போவார் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். காரிய சித்தி அனுமார் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, தமிழ்க் குடும்பங்களும் நிறைய உண்டு. கோடையென்றால் விடியற்காலையில் குடியிருப்பின் நடைபாதையில் நடங்கள்; உங்களைப் போலவே வந்திருக்கும் பெற்றோர்களை அங்கேதான் சந்திப்பீர்கள்.

இரண்டாவது, சுழற்காற்று எச்சரிக்கைச் சங்கு. மார்ச் முதல் மே வரை சுழற்காற்றும் ஆலங்கட்டி மழையும் வரும். வீடுகளில் நிலவறை இருப்பது அரிது. சங்கு ஊதினால் பேரனைத் தூக்கிக்கொண்டு, கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத உள் அறைக்குப் போய்விட வேண்டும். அது எந்த அறை என்று போன அன்றே மகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் நண்பகலில் சோதனைக்காகவும் ஊதுவார்கள். சோதனை நாள் எது என்பதையும் கேட்டுக்கொண்டால் வீணாகப் பதற வேண்டியிருக்காது.