‘ஆம்பளைப் பையனுக்கு என்ன நஷ்டம்?’ – ஆசிரியர் செய்யும் பாலியல் குற்றங்கள்: கேள்வி-பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

என் மகனுக்கு 15 வயசு, பத்தாம் வகுப்பு. அவன் பள்ளி டீச்சர் ஒருத்தங்க வீட்டுலயே டியூஷன் எடுக்குறாங்க. அங்க வச்சு அவன்கிட்டத் தப்பா நடந்திருக்காங்க. போன்ல மெசேஜும் இருக்கு. "ஆம்பளைப் பையன்தானே, அவனுக்கு என்ன நஷ்டம்? ஸ்டேஷனுக்குப் போனா சிரிப்பாங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பொம்பளை மேல போக்சோ வருமா? – ஒரு தாய், பாம்பன்

வரும் அம்மா. 18 வயது நிரம்பாத யாராக இருந்தாலும் போக்சோ சட்டத்தில் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) ‘குழந்தை’தான், ஆண், பெண் என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. குற்றம் செய்தவரைப் பற்றிப் பேசும் 3ஆம் பிரிவு ‘அவன்’ என்று ஆண்பாலில் எழுதப்பட்டிருப்பதால், பெண்ணுக்கு அது பொருந்தாது என்று வக்கீல்கள் வாதாடியதுண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டிலும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. குழந்தையைத் தன்னோடு அப்படிச் செய்ய வைப்பதும் குற்றம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. வயதுப் பையனின் உடம்பு அந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்து ‘அவனுக்கும் இஷ்டம்தான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு தானாகச் செய்வதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. 18க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் எடுபடாது.

பள்ளிக்குள் நடக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். பள்ளி ஊழியர் அதே நிறுவனத்துக் குழந்தையிடம் குற்றம் செய்தால் போக்சோ பிரிவு 5(f). டியூஷன் வீடு, பேருந்து, கடற்கரை என எங்கே நடந்தாலும், குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் 5(p). புகார் எழுதும்போது இரண்டையும் தொடும்படி, "இவர் என் மகனின் பள்ளி ஆசிரியை, டியூஷனும் எடுக்கிறார்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த வரி விடுபட்டால் வழக்கு சாதாரணப் பிரிவுக்கு இறங்கிவிடும் ஆபத்து உண்டு. உடலுறவு அளவுக்குப் போன 5ஆம் பிரிவுக் குற்றத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. தொடுதல் அளவில் நின்றிருந்தால் 9, 10ஆம் பிரிவுகள்: 5 முதல் 7 ஆண்டு. வெறும் மெசேஜ் என்றால் 11, 12ஆம் பிரிவுகள்: அதிகபட்சம் 3 ஆண்டு. இந்தக் கடைசிப் பிரிவில் ஆசிரியர் என்பதற்காகத் தண்டனை அதிகமாகாது. இது சட்டத்தின் பெரிய குறை என்றே கருதுகிறோம். எல்லாம் மெசேஜில்தானே தொடங்குகிறது!

இனி போன். முதலில் இன்னொரு போனால் அந்த மெசேஜ்களைப் படம் எடுங்கள்; எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். தானாக மறையும் மெசேஜ் என்றால் இதைத் தள்ளிப்போட முடியாது. படம் எடுத்த கையோடு மகனின் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அனுப்பியவர் அந்தப் பக்கத்திலிருந்தே அழித்தாலும் இந்தப் போனில் அழியாமல் இருக்க அதுதான் வழி. வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். மகன் பேசுவதுபோல நீங்கள் பதில் அனுப்பவும் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். *#06# அடித்தால் வரும், அந்தப் போனின் அடையாளமான 15 இலக்க எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, போனைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும்: ஒன்று சான்றைத் தாக்கல் செய்பவரிடமிருந்து, மற்றது நிபுணரிடமிருந்து. இது இல்லாமல் வழக்குகள் வலுவிழப்பதுண்டு.

ஒரு எச்சரிக்கை. ஆடையில்லாத படங்கள் இருந்தால், உங்கள் மகனுடைய படமாகவே இருந்தாலும், அதை நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. ‘ஊர் குரூப்பில் போட்டால் நியாயம் கிடைக்கும்’ என்று அனுப்பினால், போக்சோ 15ஆம் பிரிவு உங்கள் மீதே பாயும். போனை அப்படியே போலீசிடம் ஒப்படையுங்கள்.

ராமேசுவரம், கீழக்கரை, ராமநாதபுரம் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் எதிலும் புகார் கொடுக்கலாம். பையன் என்றால் மகளிர் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது வெறும் பேச்சு. போக்சோ புகாரைப் பதியாமல் திருப்பி அனுப்பும் காவலருக்கே 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

வாக்குமூலம் உங்கள் வீட்டிலோ மகன் விரும்பும் இடத்திலோதான். வருபவர் சீருடையில் இருக்கக் கூடாது. இங்கேதான் பையன்கள் விஷயத்தில் சிக்கல் வருகிறது. கூடியவரை பெண் அதிகாரி எழுத வேண்டும் என்கிறது சட்டம். ஒரு பெண்ணால் பாதிக்கப்பட்ட பையன் இன்னொரு பெண்ணிடம் வாய் திறக்காமல் போகலாம். ‘கூடியவரை’ என்றுதான் இருக்கிறது என்பதால், ஆண் அதிகாரி வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மா பக்கத்தில் இருந்தாலும் அவன் பேச மாட்டான் என்றால் தாய்மாமனோ சித்தப்பாவோ உடனிருக்கட்டும். குழந்தை நம்பும் எவரையும் 26ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மருத்துவப் பரிசோதனைக்குப் பெண் மருத்துவர் என்ற விதி பெண் குழந்தைகளுக்கு மட்டும்தான். அதனால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது ஆண் மருத்துவரைக் கேளுங்கள். உடலில் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினாலும் மனம் விட வேண்டாம். சிறுவனின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும்.

வீட்டுக்காரர் விசைப்படகில் போனவர், இலங்கைச் சிறையில் இருக்கிறார். ஊர்க் கமிட்டி கூடி, "பணம் வாங்கித் தருகிறோம், டீச்சர் ஊரைவிட்டுப் போயிடுவாங்க, கேஸ் வேண்டாம்" என்கிறது. கணவர் கையெழுத்து இல்லாமல் நான் புகார் கொடுக்க முடியுமா? – தங்கச்சிமடம்

முடியும். தாய், தந்தை, பக்கத்து வீட்டுக்காரர், சிறுவனே கூட, விவரம் தெரிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். கணவர் கடலிலோ வளைகுடாவிலோ சிறையிலோ இருப்பது எந்த வகையிலும் தடையல்ல. குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்று எந்த நிலையத்திலாவது சொன்னால், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை உள்ளே கொண்டுவாருங்கள்.

கமிட்டி பேசும் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைக் குடும்பத்தார் சமரசம் ஆனதென்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. நீங்கள் பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியாது. நீதிமன்றத்தில் உங்கள் மகனின் வாக்குமூலத்தை உடைக்கும் கருவியாக அந்தக் காகிதம் மாறும். தவிர, தெரிந்தும் புகார் கொடுக்காமல் மூடிவைத்த பெரியவர்கள் மீதும் 21ஆம் பிரிவு வரும். கமிட்டிக்காரர்களிடம் இதை அப்படியே சொல்லலாம்.

பண நெருக்கடி நிஜம்தான். குழந்தைகள் நலக் குழு மூலம் உணவு, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குச் சிறப்பு நிவாரணம் கேட்கலாம். சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். 2020 போக்சோ விதிகளில் இரண்டுக்கும் இடமுண்டு. வழக்கு முடியும்வரை உடன் வர ஓர் ஆதரவு நபரையும் அதே குழுவிடம் கேளுங்கள்.

எங்கள் பள்ளி ஆசிரியை மீது புகார் வந்துள்ளது. இளவயது, கைக்குழந்தை இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு இடமாறுதலுக்குப் பரிந்துரைக்கலாமா? ஆண் ஆசிரியர் என்றால் நானே போலீசுக்குப் போயிருப்பேன். – தலைமையாசிரியர், மண்டபம் பகுதி

உங்கள் கடைசி வாக்கியத்தை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள் ஐயா. சட்டம் கொடுக்காத சலுகையை உங்கள் அறையிலேயே கொடுக்கப் பார்க்கிறீர்கள். இடமாறுதல் என்றால், இதே ஆசிரியை அடுத்த ஊர்ப் பள்ளியில் வேறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பார். அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

உங்கள் நிலையும் ஆபத்தானது. தன் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21(2) பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் காவல் நிலையம், அதே நாளில் அவருக்கு எழுத்துமூலம் தகவல். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று 19(7) சொல்கிறது.

செய்யக் கூடாதவை: மாணவனையும் ஆசிரியையையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பது, மாணவனிடம் மூன்று நான்கு முறை எழுதி வாங்குவது (ஒவ்வொன்றிலும் ஒரு சொல் மாறும், அந்த மாற்றத்தை வைத்தே வழக்கை உடைப்பார்கள்), மாணவனுக்கு டிசி கொடுத்து அனுப்புவது. சிசிடிவி இருந்தால் பதிவு தானாக அழிந்து அடுத்தது ஏறிவிடும். அதற்குள் ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரப்படுத்துங்கள். வருகைப் பதிவேடு, ஆய்வகச் சாவிப் பதிவேடு இரண்டையும் பூட்டிவையுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதி 17(e)யில் தற்காலிகப் பணிநீக்கம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அது தானாகவே நடக்கும். பிறகு 17(b) குற்றச்சாட்டுக் குறிப்பாணை. கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனாலும் துறை விசாரணை தானாக முடிந்துவிடாது. இரண்டிலும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. ஆண் ஆசிரியர்களின் கோப்புகள் எந்த வரிசையில் நகருமோ, அதே வரிசையில் இதுவும் நகர வேண்டும்.

பெண் ஆசிரியையை ராத்திரியில் கைது செய்யவில்லை, ஜாமீனும் சீக்கிரம் கிடைத்துவிட்டது. இது பாரபட்சம் இல்லையா? – தேவிபட்டினம்

பெண்ணைச் சூரியன் மறைந்த பின் கைது செய்யத் தனிக் காரணமும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். எல்லாக் குற்றத்துக்கும் அப்படித்தான். மறுநாள் காலையிலும் கைது செய்யவில்லை என்றால் அப்போது கேள்வி கேளுங்கள். பெண் என்பதால் ஜாமீன் ‘தரலாம்’ என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 480ஆம் பிரிவு சொல்கிறது, ‘தர வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது புகார்தாரருக்கும் தகவல் தரப்பட வேண்டும். அப்போது அரசு வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் எழுப்புங்கள். சாட்சிகளை நெருங்கக் கூடாது, அந்த ஊரில் தங்கக் கூடாது என்ற நிபந்தனைகளையாவது கேளுங்கள்.

பெண் ஆசிரியைகளையும் ஆண்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? பெரும்பாலும் பாதிக்கப்படுவது பெண் பிள்ளைகள்தானே? ஆறுதலுக்குத் தோளில் தட்டினாலும் வழக்கு என்றால் எப்படிப் பாடம் நடத்துவது? – ஆசிரியை, கீழக்கரை

மூன்று கேள்விகள், சகோதரி. வழக்குகளில் பெண் பிள்ளைகளே மிகுதி, குற்றம் சாட்டப்படுவோரில் ஆண்களே மிகுதி. இதில் சந்தேகமில்லை, பையன்களைப் பற்றிப் பேசி அந்த உண்மையை மறைக்க நினைப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால், 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னவர்களில் 52.94 விழுக்காட்டினர் பையன்கள். காவல் நிலையம் வரை அவர்கள் வருவதில்லை.

தண்டனையில் தராசு சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். 1997இல் வாஷிங்டன் மாநிலத்தில் மேரி கே லெட்டோர்னோ என்ற ஆசிரியை, 12 வயது மாணவனிடம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழரை ஆண்டுத் தண்டனையில் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, சில மாதங்களில் வெளியே வந்தார். மீண்டும் அதே சிறுவனோடு பிடிபட்ட பிறகே முழுத் தண்டனை. பத்திரிகைகள் அதைக் ‘காதல்’ என்று எழுதின. அந்தச் சிறுவன் 15 வயதிலேயே இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

போக்சோவில் குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. ஒரு சிறுவனிடம் குற்றம் செய்தவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் குறைத்த தண்டனையை, உச்ச நீதிமன்றம் 2023இல் பழையபடி பத்தாண்டாக்கியது அதனால்தான்.

தோளில் தட்டுவதற்கு வருவோம். தொடுதலைக் குற்றமாக்கும் போக்சோ 7ஆம் பிரிவுக்குப் பாலியல் நோக்கம் வேண்டும். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் அளவுகோலாகச் சொன்னது. வகுப்பறையில் எல்லார் முன்னும் தட்டிக்கொடுப்பதில் பயம் எதற்கு? நள்ளிரவு மெசேஜ், தனியறை, ‘வீட்டில் சொல்லாதே’ என்ற சொல் இவைதான் நோக்கத்தைக் காட்டுபவை. மாணவர்களுக்கு வகுப்புக் குழுவில் மட்டும் எழுதுங்கள், தனி எண்ணுக்கு வேண்டாம்.

எனக்கு +2 முடியுமுன் 18 ஆகிவிட்டது. ஓர் ஆசிரியை வற்புறுத்தியது அதற்கு முன்னும் பின்னும் நடந்தது. – மாணவன், தொண்டி

தம்பி, 18 நிரம்புவதற்கு முன் நடந்த ஒவ்வொன்றுக்கும் போக்சோ உண்டு. இப்போது வயது வந்துவிட்டது என்பதற்காக அது போய்விடாது. அதனால் பிறந்த நாளை மையமாக வைத்து, எது முன், எது பின் என்று தேதிவாரியாக எழுது. தேதி நினைவில்லை என்றால் அரையாண்டுத் தேர்வு, திருவிழா, மீன்பிடித் தடைக்காலம் என்று அடையாளம் சொன்னாலும் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 63ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் மட்டுமே வல்லுறவு என்கிறது. இயற்கைக்கு மாறான உறவு பற்றிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. மிரட்டலுக்கு 351, பணம் பறித்தால் 308, அந்தரங்கப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E ஆகியவை ஆண்களுக்கும் பொருந்தும். கல்லூரியில் இது தொடர்ந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறையின்படி எல்லாப் பாலின மாணவரும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம்.

பேர் வெளியே வந்துவிடுமா? – பெரியபட்டினம்

பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை; யூடியூப் சேனலுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். ‘ஆசிரியையோடு ஓடிய மாணவன்’ என்ற வகைச் செய்தியில் பள்ளியின் பெயர் வந்தாலே மீறல்தான். இணைப்பையும், தேதி தெரியும் படத்தையும் எடுத்து விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கொடுங்கள். சாட்சி சொல்லும் நாளில் மூடிய அறை விசாரணைதான். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரையோ வீடியோ வசதியோ வேண்டும் என்று 36ஆம் பிரிவைச் சொல்லி முந்தின வாய்தாவிலேயே மனுப் போட்டுவிடுங்கள்; அன்று காலையில் கேட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.