இஸ்ரோவும் தனியார் கம்பனிகளும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறேன். இந்தியா ரொக்கெட் செய்யும் வேலையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது பெரிய முன்னேற்றம் என்பது என் எண்ணம். அப்பாவோ, "மக்கள் காசில் வளர்த்ததை முதலாளிகளுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். இங்கே அரச நிறுவனங்களை விற்கப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான்" என்கிறார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

ரொக்கெட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். செய்மதிப் படங்கள் என்று வந்தால் அப்பாவின் பக்கம்.

இஸ்ரோவை யாரும் விற்கவில்லை, அது இன்றும் அரசின் கையில்தான் இருக்கிறது. தனியாரும் அங்கே புதியவர்கள் அல்ல. இஸ்ரோ ரொக்கெட்டுகளில் உள்ள விகாஸ் எஞ்சினை கோத்ரெஜ் கம்பனி எத்தனையோ வருடங்களாகச் செய்து கொடுக்கிறது. ஆனால் வடிவமைப்பும் பொறுப்பும் இஸ்ரோவுடையவை, கம்பனி கேட்டதைச் செய்து கொடுக்கும், அவ்வளவுதான். 2020இல் அது மாறியது. கம்பனியே வடிவமைக்கலாம், சொந்தமாக வைத்திருக்கலாம், ஏவலாம். அனுமதி கொடுக்க இன்ஸ்பேஸ் என்றொரு அமைப்பு வந்தது. 2022 நவம்பரில் ஸ்கைரூட் என்ற கம்பனியின் விக்ரம்-எஸ் ரொக்கெட் பறந்தது. 2024 மே மாதம் சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் கம்பனி, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு, ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த மேடையிலிருந்து ஒரு ரொக்கெட்டை ஏவியது. இரண்டும் சுற்றுப்பாதைக்குப் போகாத சோதனைகள்தான். ஆனாலும் இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இதில் நம் தீவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, போகும் ரொக்கெட் நம் தலைக்கு மேலாகப் பறக்கக் கூடாது என்பதால் வளைந்து போகிறது. அதில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ரொக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் 2024இல் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுதான் முக்கிய காரணம். அங்கிருந்து நேரே தெற்கே ஏவலாம்.

சரி, படங்களுக்கு வருவோம். அமெரிக்கா 1980களில் லேண்ட்சாட் செய்மதிப் படங்களின் விற்பனையை ஒரு தனியார் கம்பனியிடம் கொடுத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டொலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்களும் ஏழை நாடுகளும் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. 1992இல் சட்டத்தை மாற்றி அரசு அதைத் திரும்ப எடுத்தது, 2008இல் எல்லாவற்றையும் இலவசமாக்கியது. அதன் பிறகுதான் காடழிப்பிலிருந்து பயிர்க் கணக்கு வரை உலகம் முழுவதும் அந்தப் படங்களைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. யாரும் தடுக்காமல் இருந்தாலே பயன் பெருகுகிற பொருள் அது.

இந்தியாவின் 2023 விண்வெளிக் கொள்கை, ஒரு புள்ளி நிலத்தில் 5 மீற்றரையோ அதற்கு மேலோ காட்டும், அதாவது துல்லியம் குறைந்த, இஸ்ரோ படங்களை இலவசமாகத் திறந்துவிடச் சொல்கிறது. நல்ல வாசகம் அது. ஆனால் 2025இல், பூமியைப் படமெடுக்கும் 12 செய்மதிகள் கொண்ட தொகுதி ஒன்றைக் கட்டத் தனியார் கம்பனிகளின் கூட்டு ஒன்று தெரிவானது. அந்தப் படங்கள் யாருக்கு, என்ன விலைக்கு? அப்பாவின் கோபம் இந்தக் கேள்வியில் போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் என் அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். பேரிடர் வந்தால் உலக விண்வெளி நிறுவனங்கள் படங்களை இலவசமாகக் கொடுக்க ஒரு சர்வதேச சாசனம் இருக்கிறது, இஸ்ரோ 2001இலேயே அதில் சேர்ந்தது. நம் வெள்ளங்களுக்கும் அது உதவியிருக்கிறது. தண்ணீர் எந்த ஒழுங்கை வரை வந்தது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல நம்மிடம் சொந்தமாக ஒரு செய்மதியும் இல்லை, தம்பி.