சங்கர் படம் பார்த்துத் தமிழ் படித்தேன்

கேள்வி: சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்தவர்களில் உங்களால் மறக்க முடியாத ஓவியர் யார்? ஏன்?

அம்புலிமாமா சங்கர். வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, உருவிய வாளோடு விக்கிரமன் நடக்கிறானே, அந்தப் படத்தை வரைந்தவர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். அந்தப் படம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் என் காரணம் கொஞ்சம் வேறு. நான் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டதே அவர் படங்களை வைத்துத்தான்.

எங்கள் ஊர் நகரி. ஆந்திராவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் பாதிப் பாதி, பள்ளிக்கூடத்தில் முழுக்கத் தெலுங்கு. அப்பாவுக்கு விசைத்தறி வேலை. தமிழில் சண்டை போடுவேன், கதை கேட்பேன், ஆனால் தமிழ்நாட்டு பஸ் வந்து நின்றால் அது எங்கே போகிறது என்று படிக்கத் தெரியாது. (1960 வரை பக்கத்துத் திருத்தணியும் எங்கள் சித்தூர் மாவட்டம்தான். மாநில எல்லைக் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கிழித்திருந்தால் நானும் தமிழில் படித்திருப்பேன்.)

மூன்றாம் வகுப்பில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் நேரே புத்தூர் கட்டுதான். பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியைச் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். நாலு நாளில் அந்த வாடை எனக்கே பழகிவிட்டது. பார்க்க வந்த திருத்தணி அத்தை, சாத்துக்குடியோடு ஒரு அம்புலிமாமாவும் கொண்டுவந்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதே அத்தை."

"படமாவது பாருடா, சும்மாத்தானே படுத்திருக்க."

புரட்டினால் எல்லாமே பார்த்த படங்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு சந்தமாமா வாங்குவார்கள். அதில் இருந்த அதே ராஜா, அதே கிழவி, அதே மரம். எழுத்து மட்டும் வேறு. அந்த வீட்டுப் பையனிடம் அதைக் கடன் வாங்கி, பாயில் இரண்டையும் அருகருகே விரித்து, இடது கை விரலை மாற்றி மாற்றி ஓட்டினேன். க எது, ம எது என்று இரண்டு நாளில் பிடிபட்டது. ப தான் படுத்தியது. தெலுங்கில் அந்த வரிசைக்கு நாலு எழுத்து உண்டு, தமிழில் ஒன்றே ஒன்று. 'பூதம்' என்று இருந்தால் அந்தப் 'பூ' மல்லிகைப் பூவில் வருகிற பூவா, பூமியில் வருகிற பூவா? மேலே படத்தைப் பார்த்தேன். அரண்மனைக் கூரைக்கு மேல் தலை தெரிய, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. சரி, பூமியில் வருகிற பூ.

கை கூடுவதற்குள் தமிழ் வந்துவிட்டது.

இது சாத்தியமானதற்கு அந்தப் பத்திரிகை நடந்த விதமும் ஒரு காரணம். கடப்பை மாவட்டத்துக்காரரான நாகிரெட்டியும் தெனாலி சக்கரபாணியும் 1947 ஜூலையில் அதைத் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கினார்கள். பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. மொழி எதுவானாலும் படம் ஒன்றுதான். அப்படியென்றால் எந்த ஊர்ப் பிள்ளை பார்த்தாலும் இவன் திருடன், இவன் வியாபாரி, இவள் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். சங்கர் அதில் கெட்டிக்காரர். குடிசை என்றால் வெறும் குடிசை போடமாட்டார், கூரையில் ஓலை தனித்தனியாகத் தெரியும், வாசலில் ஒரு பானையோ உரலோ கிடக்கும். துணி மடிப்பைப் பார்த்தே ஆள் நிற்கிறானா ஓடுகிறானா என்று சொல்லிவிடலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அவர் வரைந்த பெண்களின் முகம் எனக்கு ஒன்றுபோலவே தெரியும். இளவரசிக்கும் செட்டியார் மனைவிக்கும் நகையில்தான் வித்தியாசம். சாகசத் தொடர்கதைகளுக்கு அவருடைய சகா சித்ராவின் படங்கள்தான் இன்றைக்கும் எனக்கு உசத்தி. சித்ரா பள்ளியில் ஓவியம் படிக்காமல் தானே கற்றவர். சங்கரோ சென்னை ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் முறையாகப் படித்தவர். அந்தப் பயிற்சி சங்கரின் கோட்டில் தெரியும். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இருக்கும். கை முறிந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

1924இல் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் கலைமகளில் வேலை, அப்புறம் 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமா. அதற்குப் பிறகு அறுபது வருடம் அங்கேயே! 1998இல் பத்திரிகை நின்று அடுத்த வருடம் மறுபடி வந்தது, உரிமையாளர்கள் மாறினார்கள், கடைசியில் 2010களில் நின்றேபோனது. அதுவரை வரைந்தார். வேதாளக் கதை மூலத்தில் இருபத்தைந்துதான். பத்திரிகையில் அது பல நூறாக நீண்டது. தலைப்புப் படம் பழையதே வரும், உள்ளே மாதா மாதம் புதுசு போட்டாக வேண்டும். புராணக் கதைகளுக்கு வரைந்தது தனிக் கணக்கு. மொத்தம் எத்தனை படம் என்று எண்ண உட்கார்ந்தால் நமக்குத்தான் கை வலிக்கும்.

2020 செப்டம்பரில் காலமானார். 2021 ஜனவரியில், மறைவுக்குப் பிறகு, பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பழைய பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து வாட்ஸப் வந்தது. இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "மன சங்கர்காரிகி பத்மஸ்ரீ வச்சிந்திரா." நம்ம சங்கருக்குப் பத்மஸ்ரீ வந்திருக்குடா என்கிறான். அவர் ஈரோட்டுப் பக்கத்துத் தமிழர்டா என்று தெலுங்கில் பதில் போட்டேன். இத்தனை வருடமாக அவரைக் குண்டூர்க்காரர் என்று நினைத்திருந்தானாம். இன்னும் நம்பவில்லை.