பூஜைப் பழமும் ஐப்பசி ஃப்ரூட் சாலடும்: வாசகர் கேள்விகள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பாதி வீடுகளில் ஒரே கதைதான். தாம்பாளம் நிறையப் பழம் இருக்கும். அப்படியே எடுத்துச் சாப்பிட ஆளிருக்காது. ஆப்பிள், சாத்துக்குடி, கொய்யா, மாதுளை, வாழை, கூடவே இந்தப் பருவத்துச் சீத்தாப்பழம். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றியே இருந்தன.

ஆப்பிள் நறுக்கிய கொஞ்ச நேரத்திலேயே பழுப்பாகிவிடுகிறது. எலுமிச்சை பிழிந்தால் பிள்ளைகள் புளிக்கிறது என்கிறார்கள். வேறு வழி உண்டா? (சேலம் வாசகி)

உப்புத் தண்ணீர் போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் உப்புச் சுவை தெரியாது. பேரிக்காய்க்கும் இதே வைத்தியம்தான்.

அன்னாசி சேர்த்த கஸ்டர்ட் சாலட், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கசக்கிறது. பால் கெட்டுவிட்டதா? (திருச்சி வாசகர்)

பால்மீது பழியில்லை. பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலிலுள்ள புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கும். அந்தத் துண்டுகள்தாம் கசக்கின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தால் நொதியின் வேலை மெதுவாகுமே தவிர நிற்காது. சூடுதான் அதை அடக்கும். அன்னாசித் துண்டுகளை இரண்டு ஸ்பூன் சர்க்கரையுடன் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஜெலட்டின் ஜெல்லியில் பச்சை அன்னாசி போட்டால் உறையாமல் போவதற்கும் இதே நொதிதான் காரணம்; கடற்பாசியில் செய்தால் உறைந்துவிடும், ஏனென்றால் அதில் புரதமே கிடையாது.

என்னைக் கேட்டால், இந்தப் பருவத்துப் பழங்களுக்குக் கஸ்டர்டே வேண்டாம். நன்றாகப் பழுத்த சிவப்புக் கொய்யா இரண்டின் நடுச் சதையைக் கரண்டியால் வழித்து, கால் டம்ளர் சாத்துக்குடிச் சாறு விட்டுச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். விதை மேலே நின்றுவிடும். கீழே இறங்கும் இளஞ்சிவப்புக் குழம்பில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சுக்குத் தூளும் கலந்து பழங்களின்மீது ஊற்றிப் பாருங்கள். பல் போன பெரியவர்களும் கொய்யாவை ருசிக்க இது ஒரு வழி.

சீத்தாப்பழ விதையை எடுப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வடிகட்டலாமா? (மதுரை வாசகி)

கூடவே கூடாது. சீத்தா விதைக்குள் இருக்கும் பருப்பு நச்சுத்தன்மை உடையது. அதை அரைத்துப் பூச்சிகளை விரட்டப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். முழு விதை தவறி வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், அரைபட்டால்தான் ஆபத்து.

பழத்தின் கண்களுக்கு நடுவே வெண்மஞ்சள் கோடு தெரிந்து, அழுத்தினால் லேசாக அமுங்கும் பழமாக எடுங்கள். இரண்டாகப் பிளந்து, சதையைப் பெரிய கண்ணுள்ள வடிதட்டில் போட்டு மர அகப்பையால் வட்டமாகத் தேயுங்கள். தோலை ஒட்டியுள்ள மணல் போன்ற பகுதியைத் தொடாதீர்கள், அது வாயில் நரநரக்கும். இந்தச் சதையை அடுப்பில் ஏற்றக் கூடாது, கசந்துவிடும். காயாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்காமல் அரிசிப் பானையில் வையுங்கள்.

முப்பது பேருக்கு விருந்து. முந்தின இரவே நறுக்கி வைக்கலாமா? (கோவை வாசகர்)

மாதுளையை உதிர்த்தும் சாத்துக்குடியைச் சுளை எடுத்தும் மூடி, ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆப்பிளும் கொய்யாவும் காலையில். வாழை பரிமாறும்போது. சர்க்கரையை எக்காரணம் கொண்டும் முன்கூட்டியே தூவாதீர்கள். அது பழத்திலுள்ள நீரை எல்லாம் வெளியே இழுத்து, கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். பரிமாறியது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

கொய்யாவும் ஆப்பிளும் அதிகமாக, சீத்தாவும் சப்போட்டாவும் வாழையும் விலக்கி, சர்க்கரையோ தேனோ இல்லாமல் சிறு கிண்ணம் கொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் நட்சத்திரப் பழத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அவர்களுக்கு அது நரம்பு மண்டலத்தையே பாதிக்கும்.

பத்து மாதப் பேரனுக்குத் தேன் விட்ட சாலட் ஊட்டலாமா? (வேலூர் வாசகி)

ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம். மசித்த பழம் மட்டும் போதும்.

எந்த வாழைப்பழம் போட்டாலும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. (சென்னை வாசகர்)

மலைவாழை போடுங்கள். விருப்பாச்சி, சிறுமலை இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. தோல் கறுத்தாலும் உள்ளே சதை கெட்டியாக இருக்கும், நீர் விடாது. விலை கூடுதல்தான், ஆனால் நான்கு பேர் வீட்டு சாலடுக்கு இரண்டு பழம் போதும்.