ஷெட்யூலா, ஸ்கெஜூலா?

கேள்வி: ஸ்கூல்ல எங்க டீச்சர் 'ஷெட்யூல்'னு சொல்லிக்கொடுத்தாங்க, இப்ப ஆபீஸ்ல டீம் லீட் 'ஸ்கெஜூல்'ங்கறார். எனக்கு வாயில வர்றது 'செடூல்'தான், பக்கத்து சீட்டுல சிரிக்கிறாங்க. எது சார் சரி? அர்த்தம் டைம்டேபிள்தானே?
- வாசகி, திருச்சி

பதில்: டீச்சரும் சரி, டீம் லீடும் சரி. ஷெட்-யூல் பிரிட்டிஷ் வழக்கம், ஸ்கெ-ஜூல் அமெரிக்க வழக்கம், ரெண்டுலயும் அழுத்தம் முதல் அசையிலதான். பிரிட்டன்லயே இப்ப இளவட்டம் நெறைய பேர் ஸ்கெ பக்கம் போயிட்டாங்க, அதனால உங்களுக்கு எது சரளமா வருதோ அதைச் சொல்லுங்க, ஒரே மீட்டிங்ல ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லாதீங்க, அவ்ளோதான்.

சிரிக்கிறவங்களுக்கு ஒரு சேதி இருக்கு. இந்த வார்த்தை பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்போ அதோட ஒலியே கிட்டத்தட்ட உங்க செடூல்தான். அப்புறம் 16ம் நூற்றாண்டு வாக்குல லத்தீன் மூலத்தைப் பாத்து ஸ்பெல்லிங்கை மாத்துனாங்க, ஆனா வாய் உடனே மாறல. 1791ல ஜான் வாக்கர்னு ஒருத்தர் லண்டன்ல உச்சரிப்பு அகராதி போட்டார், லத்தீன்படி பாத்தா ஸ்கெ வரணும், பிரெஞ்சுப்படி பாத்தா ஷெ வரணும், ஆனா ஜனங்க செ-ன்னே பழகிட்டாங்க இனிமே மாத்த முடியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டார். மாறிடுச்சு! அமெரிக்காவுல ஸ்கெ நிலைச்சதுக்கு அகராதி போட்ட நோவா வெப்ஸ்டருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்காக இன்டர்வியூல போய் செடூல்னு சொல்லி வாக்கரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க, இன்னைக்கு அது தப்புதான்.

அர்த்தத்துக்கு வருவோம். லத்தீன்ல இது துண்டுச்சீட்டு. பத்திரத்தோட சேத்து வைக்கிற சீட்டு, அதுல இருக்கற பட்டியல், இதான் பழைய பொருள். டைம்டேபிள்ங்கற பொருள் 19ம் நூற்றாண்டுல அமெரிக்க ரயில்வேல புழக்கத்துக்கு வந்தது. பழசு இன்னும் போகல பாருங்க, நம்ம அரசியலமைப்புல எட்டாவது ஷெட்யூல்ல தமிழோட சேத்து 22 மொழி இருக்கே, அது மொழிங்களோட டைம்டேபிளா என்ன? கிரயப் பத்திரம் வீட்ல இருந்தா எடுத்துப் பாருங்க, சர்வே நம்பர், நாலு பக்க எல்லை, சதுரடின்னு தனியா எழுதியிருக்கும், பத்திரம் எழுதறவர் அதையும் ஷெட்யூல்னுதான் சொல்வார், பழைய பத்திரம்னா தபசில்னு இருக்கும். சினிமாக்காரங்க வேற மாதிரி, 'முதல் ஷெட்யூல் காரைக்குடியில முடிஞ்சது'ன்னா ஒரு கட்ட ஷூட்டிங் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

கேள்வி: மாத்திரை அட்டையில 'ஷெட்யூல் எச்'னு இருக்கு. எந்த வேளைக்குச் சாப்பிடணும்கறதா அது?
- வாசகர், தென்காசி

பதில்: இல்லீங்க, இதுவும் பட்டியல்தான். 1945ம் வருஷ மருந்து விதிகளோட பின்னால இருக்கற எச் பட்டியல்ல அந்த மருந்து வருது, டாக்டர் சீட்டு இல்லாம கடையில குடுக்கக்கூடாதுன்னு அர்த்தம். அட்டையில நெட்டுக்குச் சிவப்புக் கோடு இருக்கும் பாருங்க. வேளையெல்லாம் டாக்டர் எழுதின சீட்டுலதான் இருக்கும், அது புரியலைன்னா மெடிக்கல்ல கேட்டு கவர் மேலயே எழுதி வாங்கிக்கோங்க.